எட்டாத ஊசி

மோட்டார் கொட்டகையில் மறுபடியும் கேபிள் திருடு போன பிறகுதான் பவுலினுக்கு அப்பாவின் கைத்துப்பாக்கி நினைவு வந்தது. அப்பா சவரிராயன் இறந்ததும் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாளே தவிர, பீரோவிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பார்த்ததில்லை. மரக்காணத்து உப்பளத்தில் அவர்களுடைய பாத்திகள் ஊரைவிட்டுத் தள்ளி இருந்தன. லோடு ஏற்றி அனுப்பிவிட்டு இருட்டும் நேரத்தில் தனியாகத்தான் ஸ்கூட்டரில் திரும்புவாள்.

உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிஸ்டல். தாத்தா காலத்துச் சீமைச் சரக்கு. அதையும் மிச்சமிருந்த தோட்டாக்களையும் தனித்தனி டப்பாவில் வைத்து, விழுப்புரத்தில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த கலியமூர்த்தியிடம் கொண்டுபோனாள்.

அவர் லைசென்ஸைப் படித்துவிட்டு, மேசைமேல் துணி விரித்து பிஸ்டலை வாங்கி வைத்தார்.

"என்னம்மா கம்ப்ளெய்ன்ட்டு?"

"தெரியலைங்க. நான் சுட்டதே இல்ல. வேலை செய்யுதான்னு பாத்து, ரிப்பேர் இருந்தா சரி பண்ணிக் குடுங்க."

கடைக்குப் பின்னால் மணல் நிரப்பிய ஒரு இரும்புப் பீப்பாய் இருந்தது. அங்கே போய் மேகசினில் இரண்டு தோட்டாக்களைப் போட்டு ஸ்லைடை இழுத்துவிட்டார். அது பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. தோட்டாவின் மூக்கு குழலுக்குள் போகாமல் கீழ் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு முறை இழுத்தார். அதே இடத்தில் முட்டியது. மேகசினைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"வாய் ஒரு பக்கம் கோணியிருக்குது, பாருங்க. எங்கியோ நல்லா அடிபட்டு விழுந்திருக்கு. அதான் தோட்டா நேரா ஏறல."

குறடால் கொஞ்சம் நெம்புவதும் போட்டுப் பார்ப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடியிலிருந்த ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்ததால் வேறு மாற்றினார். அதன் பிறகு தோட்டாக்கள் தடையில்லாமல் ஏறின. பிஸ்டலை மணலை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினார்.

'டிக்' என்றது. அவ்வளவுதான்.

அவர் உடனே கையை எடுக்கவில்லை. "சில சமயம் லேட்டா வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தோட்டாவை வெளியே தள்ளி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தார். கீறல்கூட விழவில்லை. தோட்டாவைக் குறை சொல்ல முடியாது என்று தெரிந்தும், கடையிலிருந்த புதிதைப் போட்டுப் பார்த்தார். டிக். சுத்தியலைத் தள்ளுகிற ஸ்பிரிங்கை மாற்றினார். டிக்.

எல்லாவற்றையும் கழற்றித் துணிமேல் பரப்பினார். தோட்டாவின் பின்புறத்தில் போய்த் தட்டவேண்டிய ஊசியை மட்டும் லென்ஸுக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தேய்ஞ்சது இல்லம்மா. அரம் போட்டு ராவியிருக்காங்க. முனை எட்டவே எட்டாது. நீங்க எத்தினி தோட்டா போட்டாலும் வெடிக்காது."

"யாருங்க ராவியிருப்பாங்க?"

"அத நான் எப்பிடிச் சொல்றது? பழைய வேலை. ஆனா ஒண்ணு, உள்ள உப்பு அரிச்ச தடம் இருக்குது. ஒரு தடவ இது உப்புத்தண்ணில முழுகியிருக்கு. கையோட யாரோ அக்கக்கா கழட்டி, கழுவி, எண்ணெ போட்டிருக்காங்க. இந்த ஊசியக்கூட வெளிய எடுத்துத் தொடச்சிதான் மறுபடி மாட்டியிருக்காங்க. இல்லன்னா இந்நேரம் வெறும் துருதான்."

புது ஊசி கடைந்து போட ஒரு வாரம் ஆகும் என்றார். பவுலின் பிஸ்டலை அவரிடமே விட்டுவிட்டு வந்தாள்.

அது உப்புத்தண்ணீரில் விழுந்த கதை அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். பவுலின் அப்போது ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாத்திக்காரர் நடராசனுக்கும் அப்பாவுக்கும் வாய்க்கால் தகராறு. கோர்ட்டு வரைக்கும் போயிருந்தது. அப்பா குடித்துக்கொண்டிருந்த காலம். ஒருநாள் நடராசன் வரப்பை வெட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டு நேரே போய், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் நெஞ்சில் பிஸ்டலை வைத்து விசையை அழுத்திவிட்டார். வெடிக்கவில்லை. திரும்ப அழுத்தினார். அப்போதும் வெடிக்கவில்லை. அப்பா அதை வரப்புக் கல்மேல் வீசியெறிந்தார். அது தெறித்துப் பாத்தித் தண்ணீரில் விழுந்தது. அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதாராம். மறுநாள் சர்ச் சாமியாரிடம் போய்த் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். அதோடு குடியும் நின்றது. மாதா செய்த புதுமை, அற்புதம் என்றது ஊர்; நடராசனும் போலீசுக்குப் போகவில்லை. அப்பா வரப்பு முனையில் கல்லால் குகை போல ஒரு கெபி கட்டி மாதா சிலை வைத்தார். ஒவ்வொரு செப்டம்பரிலும் மாதா திருநாளன்று நடராசன் அங்கே வந்து முதல் மெழுகுவத்தியை ஏற்றுவார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா அருள்மேரி பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பவுலின் எதிரே உட்கார்ந்து கடையில் நடந்ததைச் சொன்னாள். ஊசியை யாரோ ராவியிருக்கிறார்கள் என்றதும் அம்மாவின் கை நின்றது. பிறகு மறுபடியும் செதிலைச் சீவத் தொடங்கியது.

"நான்தான்" என்றாள்.

"நீயா? உனக்கு அத கழட்டத் தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்து என் எதுர்லதான பேப்பர விரிச்சிக் கழட்டுவாரு. எத்தினி வருஷம் பாத்திருக்கேன். தெனம் தலகாணிக்கு அடியில வெச்சிக்கிட்டு, அவன சுட்டுடுவேன், சுட்டுடுவேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வரப்ப வெட்டினதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கேசுக்குத் திண்டிவனம் போயிருந்தாரு. மோட்டார் கொட்டாயில இருந்த அரத்த எடுத்தாந்தேன்."

"இத்தன வருஷம் ஏம்மா சொல்லல?"

"என்னான்னு சொல்றது? ஊரே மாதா புதுமைன்னு சொல்லுது. மனுஷன் குடிய உட்டுட்டாரு. நான் ராவினேன்னு தெரிஞ்சா திரும்ப ஆரம்பிச்சிட்டாருன்னா? அதுக்கப்புறம் அவரு அத தொடவே இல்ல. நடராசன்தான் தண்ணில தேடி எடுத்து, ஈரத்தோடவே எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. நான் மேலாக்குல தொடச்சி பீரோல வெச்சேன். அவரு தொறந்து பாக்கக் கூடாதுன்னு வேண்டிக்காத நாள் இல்ல."

"மேலாக்குல மட்டுந்தான் தொடச்சியா? உள்ள கழட்டலயா?"

"இல்ல. ஏன்?"

பவுலின் சொல்லாமலும் விட்டிருக்கலாம்.

"அப்பா கழட்டியிருக்காரும்மா. உள்ள எல்லாத்தையும் கழுவி எண்ணெ போட்டிருக்காரு. அந்த ஊசியையும் எடுத்துத் தொடச்சி மாட்டியிருக்காரு. ஊசிய கையில எடுத்தவருக்கு ராவினது தெரியாம இருக்காது."

அருள்மேரி அரிவாள்மனையை நகர்த்தி வைத்தாள்.  பூனை ஒன்று வந்து மீன் தலையை இழுத்துக்கொண்டு போனது. இருவருமே அதை விரட்டவில்லை.

"அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?" என்றாள் கடைசியில்.

பவுலின் சிதறிக் கிடந்த செதில்களைக் கூட்டி எடுத்தாள்.

"பயந்துகினே இருந்தேன்டி. பீரோ கதவு சத்தம் கேட்டாலே ஓடியாந்து பாப்பேன். தெரிஞ்சிக்கினே கம்முனு இருந்திருக்காரு."

அவள் எழுந்து கை கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மீதி மீனைப் பவுலின்தான் ஆய்ந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அம்மா கேட்டாள்: "புது ஊசி போடச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எதுக்குடி? கேபிள் திருடறவன் எவனோ பொழப்பில்லாத பையனாத்தான் இருப்பான். அவன நீ சுடுவியா?"

"சும்மா காட்டத்தாம்மா."

"உங்கப்பாவும் அப்பிடித்தான் சொன்னாரு."

ஒரு வாரம் கழித்துக் கலியமூர்த்தி போன் செய்தார். புது ஊசி போட்டாயிற்று, ஆறு ரவுண்டும் தடங்கலில்லாமல் ஏறி வெடித்தது, வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. பவுலின் போய்க் கூலியைக் கொடுத்தாள். பிஸ்டலைக் கடையிலேயே வைத்திருந்து, சட்டப்படி யாருக்காவது விற்றுவிட முடியுமா என்று கேட்டாள்.

"இவ்ளோ வேல பாத்துட்டா?"

"ஆமாங்க. நல்லா சுடுதுன்னு சொல்லி விக்கலாம் இல்லைங்களா?"

அவர் சிரித்துவிட்டார். பழைய ஊசியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அவள் அதை வீட்டில் அம்மாவிடம் கொடுத்தாள். அதை எங்கே வைத்தாள் என்று அம்மா சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. நடராசனிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் அன்று மழை விட்டிருந்தது. அம்மாவும் மகளும் அப்பாவின் கல்லறைக்குப் போய்ப் பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, செபம் சொன்னார்கள். மற்றவர்கள் கிளம்பிய பிறகும் அருள்மேரி நகரவில்லை. நீ போய் வண்டிய எடு என்றாள். பவுலின் கேட்டருகே நின்று பார்த்தாள். அம்மா குனிந்து, கையை நீட்டி நீட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

வந்து வண்டியில் ஏறினாள். முகம் சிவந்திருந்தது.

"இவ்ளோ நேரம் என்னம்மா சொன்ன?"

"திட்டினேன்" என்றாள் அருள்மேரி. "நல்லா நாலு கேள்வி கேட்டுட்டு வந்தேன். வண்டிய எடு."