வியாழக்கிழமை வந்த ஞாயிறு

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை, ஃபேரர் பார்க் புளோக்கின் ஏழாவது மாடியில் ஜெனிவீவ் வீட்டுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் வந்தது. விடியும்போதே கூடத்தில் குடில் இருந்தது; அடுப்பில் யாரும் ஏற்றாத ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. வாசற்படிக்கு வெளியே வழக்கமான புதன்கிழமைதான். எதிர்வீட்டு பாக்கியலட்சுமி எட்டிப் பார்த்து, “என்ன ஜெனி, இந்தத் தடவை ரொம்ப லேட்டு?” என்று கேட்டு, கேக் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஜெனிவீவ் தீயணைப்பு நிலையத்தில் சார்ஜண்ட். ஒரு நாள் முழுக்க நிலையத்தில் கிடக்க வேண்டும், அப்புறம் இரண்டு நாள் வீடு. சம்பளத்தில் குறை சொல்ல முடியாது. மாதம் தவறாமல் வரும், ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கை கொடுக்கும், உடல்தகுதித் தேர்வில் தேறினால் மேலே கொஞ்சம் கிடைக்கும். அதற்குப் பதிலாக முட்டியையும் முதுகையும் எடுத்துக்கொள்வார்கள். பண்டிகையையும்தான். சீனப் புத்தாண்டுக்குத் தமிழரும் மலாய்க்காரரும் காவல், தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் மற்றவர்கள் என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. கிறிஸ்துமஸ் ஜெனிவீவுக்கு உரியது. ஆனால் ஒரு வருஷம் ஒருத்தன் மனைவிக்குப் பிரசவம், அடுத்த வருஷம் இன்னொருத்தன் தங்கைக்கு நிச்சயதார்த்தம். “இந்த ஒரு தடவை மட்டும் லா, சார்ஜண்ட்” என்பார்கள். முடியாது என்று அவளுக்குச் சொல்ல வராது. விட்டுக்கொடுத்த நாள் எங்கும் போய்விடுவதில்லை. மழைநேரத்து பஸ் மாதிரி எப்போதோ வந்து சேரும். வந்தால் வாசற்படியைத் தாண்டாது, அவ்வளவுதான்.

மகள் ரெனீயின் புதுநன்மைக்குத்தான் அது போதவில்லை. பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று முதன்முதலாக நற்கருணை அப்பத்தை நாவில் வாங்கும் அந்த ஞாயிறு, ஜெனிவீவின் பணிநாளில் விழுந்தது. அந்த வாரம் நிலையத்தில் பெரிய தீயணைப்பு ஒத்திகை. யாருக்கும் லீவு கிடையாது என்று மேலே சொல்லிவிட்டார்கள்.

“அப்புறமா நம்ம வீட்டுக்கு வரும்டி” என்றாள் ஜெனிவீவ்.

“வீட்டுக்கு கோயில் வருமா? ஃபாதர் வருவாரா? என் ஃபிரண்ட்ஸ் வருவாங்களா?” என்றாள் ரெனீ. “நீங்க இல்லன்னா நான் வாயே திறக்கமாட்டேன்.”

கணவன் எலைஜா சாப்பாட்டுக் கடையில் பெரிய அண்டாவைத் தனியாக இறக்குகிறவன். அவனாலும் மகளை அசைக்க முடியவில்லை.

அடுத்த பணிநாளில், தேநீர் மேசையில், ஜெனிவீவ் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கேட்காததைக் கேட்டாள். “எனக்கு ஒரு நாள் வேணும். வாசலைத் தாண்டி கோயில் வரைக்கும் எட்டுற மாதிரி.”

வண்டி ஓட்டும் சேதுபதி பிஸ்கட்டைத் தேநீருக்குள் தவறவிட்டான். “டேய், சார்ஜண்ட் வாயத் திறந்து கேக்குறாங்கடா!”

“எங்கிட்ட ஒரு பெருநாள் சும்மா கிடக்குக்கா” என்றாள் நஃபீசா. “போன மாசம் வந்துச்சு. அம்மா ஊருக்குப் போயிருந்தாங்க, மடிச்சு அலமாரியில வச்சுட்டேன்.”

“என்கிட்ட அரை தீபாவளி இருக்கு” என்றான் சேதுபதி. “எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டேன். மிச்சம் அப்படியே இருக்கு.”

சீனத் தோழர்கள் ஆளுக்கொரு புத்தாண்டுச் சாயங்காலத்தைக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் எட்டும் என்று தோன்றியது.

ஞாயிறன்று ஜெனிவீவ் நிலையத்தில் இருந்தாள். கோயிலில் ரெனீ உதட்டை இறுக்கிக்கொண்டு வரிசையில் போய், அப்படியே திரும்பி வந்தாள். வியாழன் காலை, இரவெல்லாம் குழாய் இழுத்த களைப்போடு ஜெனிவீவும் தோழர்களும் பணி முடித்து புளோக்குக்கு வந்தபோது, ஞாயிறு ஏழாவது மாடியிலிருந்து படியிறங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தைக் கடந்தது, சிராங்கூன் சாலையில் திரும்பியது, கோயிலுக்குள் போய் நின்றது; அவர்களும் அதன் பின்னாலேயே போனார்கள். பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளைகள் பாதி வழியில் வெள்ளை உடுப்பில் இருந்தார்கள். ஃபாதர் பூசை உடையோடு பீடத்தில் நின்று, “நான் கோப்பி வாங்கத்தானே இறங்கினேன்?” என்றார். பிறகு மணியடிக்கச் சொன்னார்.

ரெனீ திரும்பிப் பார்த்தாள். முதல் வரிசையில், கரி படிந்த கழுத்தோடு, அம்மா. ரெனீ வாயைத் திறந்தாள். ஜெனிவீவ் அழுதாள், நஃபீசா கைக்குட்டை கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கித் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வெளியே பெருநாள் ரெண்டாங் இறைச்சியும் தீபாவளி முறுக்கும் கிறிஸ்துமஸ் கறியும் மேசைகளில் இருந்தன, எலைஜா பரிமாறிக்கொண்டிருந்தான். வியாழக்கிழமையிலிருந்து வந்த ஒரு பஸ் ஞாயிறுக்குள் நுழைந்து நின்றது. பயணிகள் இறங்கி, ஆளுக்கொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவிக்கொண்டு, மறுபடி ஏறி வேலைக்குப் போனார்கள்.