எறிகின்ற கரமா, ஓடுகின்ற காலா?

தமிழ் மன்றத்தின் தீபாவளிப் பட்டிமன்றத்துக்கு இளசுகள் யாரும் தலைகாட்டுவதில்லை என்பது கலிஃபோர்னியாவின் டப்ளின் வட்டாரத்தில் பல வருஷத்துக் குறை. வருஷா வருஷம் "குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா, மனைவியா" என்று தலைப்பு வைத்தால் பதினாறு வயசுப் பிள்ளை எதற்கு வரும்? அதைத்தான் வீட்டிலேயே தினமும் இலவசமாகக் கேட்கிறதே. மன்றத்தின் கலாசாரச் செயலாளர் ஜலஜாவுக்கு இது உறைக்க வெகு காலம் பிடித்தது. உறைத்த வேகத்தில் இந்த வருஷத் தலைப்பை அவரே எழுதி வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்: "தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் வெற்றி தருவது எறிகின்ற கரமா, ஓடுகின்ற காலா?"

விஷயம் இதுதான். அமெரிக்க ஃபுட்பாலில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்தைக் கையில் வாங்கி, முன்னால் ஓடும் தன் ஆட்களில் ஒருவருக்கு எறிவது அவர் வேலை. எறிய ஆள் கிடைக்காவிட்டால் சிலர் பந்தை இடுக்கிக்கொண்டு தாங்களே ஓடிவிடுவார்கள். அப்படி ஓடுகிறவர் பெரிய ஆட்டத்தில் நிலைப்பாரா, இல்லை அடிபட்டு மூலையில் உட்காருவாரா என்று இந்த ஊர்க்காரர்கள் டிவியில் காலங்காலமாக அடித்துக்கொள்கிறார்கள். இதுவரை ஒரு முடிவுக்கும் வந்தபாடில்லை. முடிவே வராத விவாதம் என்றால் அது நம் ஆட்களுக்கு அல்வா மாதிரி.

'எறிகின்ற கரமே' அணிக்குத் தலைவர் ஸ்ரீநிவாசன். சன்னிவேலில் ஒரு கம்பெனியில் டைரக்டர், மன்ற மேடையில் தோற்றே அறியாதவர். 'ஓடுகின்ற காலே' அணிக்குத் தலைவி அவர் மனைவி ஷ்யாமளா. புருஷன் பெண்டாட்டியை எதிரெதிரே உட்கார வைத்தால் கூட்டம் அள்ளும் என்று ஜலஜா கணக்குப் போட்டிருந்தார். ஷ்யாமளாவுக்கு இதில் சங்கடம் ஒன்று இருந்தது. அவள் பெற்ற பெண்ணே ஒரு குவார்ட்டர்பேக். அந்தப் பெண் ஓடக்கூடாது என்று வீட்டில் தடை போட்டிருப்பதும் அவளேதான்.

விஷாகா பதினோராம் வகுப்பு. பள்ளியின் பெண்கள் ஃப்ளாக் ஃபுட்பால் டீமில் ஆடுகிறாள். இதில் முட்டி மோதித் தள்ளுவது கிடையாது. ஒவ்வொருத்தியும் இடுப்பு பெல்ட்டில் இரண்டு துணிப் பட்டைகளைத் தொங்கவிட்டிருப்பாள். பந்து வைத்திருப்பவளின் பட்டையை எதிராளி உருவிவிட்டால் அந்த ஓட்டம் அதோடு முடிந்தது. இவ்வளவு சாதுவான ஆட்டத்திலும் செப்டம்பரில் ஒரு நாள் விஷாகா ஓடி விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். எக்ஸ்ரே எடுத்ததில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஸ்ரீநிவாசன் இரண்டு டாக்டர் நண்பர்களிடமும், கேட்காமலே கருத்து சொல்லும் நான்கு இன்ஜினியர் நண்பர்களிடமும் விசாரித்துவிட்டு, டீமை விட்டே நின்றுவிடச் சொன்னார்.

"இதுல என்ன ஸ்கோப் இருக்கு சொல்லு. ப்ரொஃபஷனலாப் போறவனே ஓடினா நிக்க முடியல. இவ எதுக்கு ஓடணும்?"

பெண் இரண்டு நாள் சாப்பாட்டை அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள். ஷ்யாமளாதான் நடுவில் புகுந்து சமரசம் பேசினாள். ஆடட்டும், ஆனால் நின்ற இடத்திலிருந்து எறிய மட்டும்தான் செய்ய வேண்டும், ஓடக்கூடாது. ஓடினால் அன்றோடு டீம் கிடையாது. இதற்குத் தான் பொறுப்பு என்று புருஷனிடம் வாக்கும் கொடுத்தாள். விஷாகா "ஃபைன்" என்றாள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை 'ஃபைன்' என்று சொன்னால் அதற்கு எத்தனையோ அர்த்தம் உண்டு, சம்மதம் என்பதைத் தவிர. அதைப் பெற்றவர்கள் கவனிக்கவில்லை. வீட்டில் அமைதி திரும்பிய சந்தோஷத்தில் ஷ்யாமளா அன்று பாயசமே வைத்தாள்.

பட்டிமன்றத்துக்குத் தயாராக வேண்டிய வாரம், ஷ்யாமளாவுக்கு ஆட்டத்தின் அரிச்சுவடியும் தெரியாததால், பெண்ணிடமே போய் நின்றாள். விஷாகா சமையலறை மேடையில் மசாலா டப்பாக்களை அடுக்கி, மஞ்சள்தூள் இங்கே ஓடுகிறது, தனியாத்தூள் அங்கே மறிக்கிறது, பெருங்காயம்தான் குவார்ட்டர்பேக் என்று இங்கிலீஷில் ஒரு மணி நேரம் பொரிந்து தள்ளினாள். ஒரு வருஷத்தில் அந்தப் பெண் அவ்வளவு பேசியதில்லை. "யாருமே ஃப்ரீயா இல்லைன்னா என்ன பண்ணுவ?" என்று ஷ்யாமளா கேட்டாள். "யூ டோன்ட் திங்க், மா. யூ ஜஸ்ட் கோ. காத்து மட்டும்தான் கேக்கும்." கண்கள் மின்ன அவள் சொன்னதை ஷ்யாமளா அப்படியே குறித்துக்கொண்டாள். மேடையில் எடுபடும் என்று பட்டது. அதற்கு மேல் ஒன்றும் படவில்லை.

பட்டிமன்றம் அதே பள்ளியின் அரங்கத்தில், சனிக்கிழமை மத்தியானம். வாடகை குறைவு. அன்றைக்கே அரங்கத்துக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் விஷாகாவின் ப்ளே ஆஃப் ஆட்டம் இருந்தது. "நான் முதல்லயே பேசிட்டு மேட்ச் பாக்க வந்துடறேன்" என்று ஷ்யாமளா காலையில் சொன்னாள். "ஓகே" என்று விஷாகா ஷூவைக் கட்டினாள். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. நம்புவதற்கு முன் அனுபவம் வேண்டுமே. வார நாள் ஆட்டம் என்றால் அப்பா அம்மா இருவருக்கும் மீட்டிங், சனிக்கிழமை என்றால் ஃப்ரீமான்ட் போய் மளிகை வாங்க வேண்டும். ஒரே ஒரு தடவை ஷ்யாமளா மைதானம் வரை வந்தாள். கார் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து ஆபீஸின் இந்தியா டீமோடு ஃபோன் பேசி முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. மற்றபடி அழைத்துப்போவதும் கொண்டுவந்து விடுவதும் டீமில் ஆடும் அதிதியின் அம்மாதான்.

ஜலஜாவோ ஷ்யாமளாவைக் கடைசிப் பேச்சாளராக வைத்துவிட்டார். "க்ளைமாக்ஸ் மேடம் நீங்க. முன்னாடி விட முடியுமா?"

நடுவர் செழியன். ஆயுளில் ஒரு ஃபுட்பால் ஆட்டமும் பார்த்திராதவர். அந்தக் குறையை நேர்மையாக ஒப்புக்கொண்டு, அதை ஈடுகட்ட முன்னுரையை மட்டும் அரை மணி நேரம் நீட்டினார். சங்க காலத்தில் போர்க்களத்தில் ஓடாதவனே வீரன் என்றார். பிறகு, ஓடாத தேர் தேரா என்றும் கேட்டார். இரண்டுக்கும் கைதட்டல் விழுந்தது. இளைஞர்களைக் கவர வைத்த தலைப்புக்கு வந்திருந்த இளைஞர்கள் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவன் ஒலிபெருக்கிக்காரன்.

ஸ்ரீநிவாசன் ஸ்லைடு போட்டுப் பேசினார். எறிகிறவன் ரிட்டயர்மென்ட் ஃபண்ட் மாதிரி, மெதுவாக ஆனால் நிச்சயமாக வளருவான். ஓடுகிறவன் ஸ்டார்ட்டப் மாதிரி, ஒரு வருஷம் பேப்பரில் போட்டோ வரும், மறு வருஷம் முழங்காலில் கட்டு வரும். "நம்மள்ல எத்தனை பேர் ஸ்டார்ட்டப் போய் திரும்பி வந்திருக்கோம், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க" என்றார். அரங்கத்தில் பல நெஞ்சுகள் தொடப்பட்டன.

அந்த நேரம் பார்த்து வெளியே மைதானத்திலிருந்து ஒரு பெரிய இரைச்சல் எழுந்தது. செழியன் முகம் சுளித்தார். "இங்க சீரியஸா ஃபுட்பால் பேசிக்கிட்டிருக்கோம். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கப்பா." சாத்தினார்கள். ஷ்யாமளாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைச் சாத்திய பிறகும் அந்த இரைச்சல் காதிலேயே நின்றது. அங்கே பெண் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, எறிய ஆள் இல்லாமல், அம்மா சொன்ன சொல்லுக்காக மரம் மாதிரி நின்றுகொண்டிருப்பாள் என்று நினைத்து, அந்தக் கதவையே பார்த்தபடி இருந்தாள்.

அவள் முறை வந்தது. எழுதி வைத்த புள்ளிவிவரம் எல்லாம் மறந்து போயிற்று. பெருங்காய டப்பா மட்டும் ஞாபகம் இருந்தது.

"எதிரணித் தலைவர் ரிஸ்க் ரிஸ்க்குன்னார். எல்லாரும் நம்மள மறிச்சுட்டாங்க, எறிய ஒருத்தரும் இல்ல. அப்ப என்ன பண்றது? யோசிக்கக் கூடாதுங்க. போயிடணும். அந்த நேரத்துல காதுல காத்து மட்டும்தான் கேக்கும். ஜெயிக்கிறமா தோக்கிறமாங்கறதெல்லாம் அப்புறம். அந்தக் காத்தைக் கேட்டவங்களை நிக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு?"

அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் யாரோ விசில் கூட அடித்தார்கள். ஷ்யாமளா கைதட்டலை வாங்கிக்கொள்ளாமல் நின்றாள். காற்று கேட்கும் என்று விஷாகா சொன்னது டிவியில் ஆடுகிறவர்களைப் பற்றி அல்ல. அது கேட்டவள் சொல்கிற சொல். கேட்டவளை நிற்கச் சொன்னது யார் என்பதும் அவளுக்குத் தெரியும். இத்தனை பேர் முன்னால் முழங்கியவள் வீட்டில் செய்திருக்கும் காரியத்தை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மைக்கை நடுவர் மேஜையில் வைத்துவிட்டு அவள் இறங்கினாள். "மேடம், தீர்ப்பு இருக்கு" என்று செழியன் கூப்பிட்டது காதில் விழுந்தது. "சொல்லிட்டு இருங்க, வரேன்" என்று சொல்லிக்கொண்டே பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகி, பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

மைதானத்தில் ஆட்டம் முடிந்திருந்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அடியில் சிக்கியிருந்தவள் விஷாகா. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து ஷ்யாமளா பார்த்து வெகு நாளாயிற்று. வேலியோரம் நின்ற அதிதியின் அம்மா ஷ்யாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க போயிட்டீங்க? கடைசில உங்க பொண்ணு என்ன ஓட்டம் ஓடினா தெரியுமா, ஒருத்தியாலயும் தொட முடியல. சீசன் முழுக்க இப்படித்தான். இவ ஓட்டத்துலதான் டீம் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

விஷாகா எழுந்து திரும்பினாள். அம்மாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. மெதுவாக நடந்து வந்தாள்.

"சாரி, மா."

ஜெயித்துவிட்டு வந்த பெண்ணின் முதல் வார்த்தை அது.

"எல்லா மேட்ச்லயும் ஓடினியா?"

"எல்லாத்துலயும்."

"எங்களுக்குத் தெரியவே இல்லையே."

"யூ நெவர் கேம்." அவள் குறையாகச் சொல்லவில்லை. வெளியே மழை இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அதற்குள் ஸ்ரீநிவாசன் தோளில் பொன்னாடையோடு புல்வெளியைக் கடந்து வந்துவிட்டார். முகமெல்லாம் பூரிப்பு. "தீர்ப்பு கேட்டியா? ஓடத் தெரிஞ்சிருக்கணும், ஆனா ஓடக்கூடாதுன்னு சொல்லிட்டார் செழியன். அதாவது நம்ம பக்கம்தான்." பிறகு பெண்ணைப் பார்த்தார். "ஜெயிச்சுட்டீங்களாமே? பாத்தியா, ஓடாம ஆடினா என்ன ஆகுதுன்னு."

விஷாகா பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தாள். ஓடினால் அன்றோடு டீம் கிடையாது என்ற பேச்சை அவள் மறந்திருக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனால் இன்னும் ஒரு வாரத்துக்கு வீட்டில் அமைதி இருக்கும் என்று ஷ்யாமளாவுக்கும் தெரியும்.

"ஓடித்தான் ஜெயிச்சா," என்றாள் ஷ்யாமளா. "இன்னிக்கு மட்டும் இல்ல, சீசன் முழுக்க. நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கு முதல் வாரமே போச்சு. போனது நல்லதாப் போச்சு. இவளை நிக்க வைக்கறதா இருந்தா நான் இனிமே வாக்கு கொடுக்க மாட்டேன்."

ஸ்ரீநிவாசன் வாயைத் திறந்தார். பெண் கழற்றி நீட்டிய பெல்ட்டில் இரண்டு பட்டைகளும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தன. அதை வாங்கிக் கையில் திருப்பிப் பார்த்தார்.

"இதை யாருமே உருவலையா?"

"கடைசி ரன்ல, நோ."

அவர் ஒரு பட்டையை லேசாக இழுத்துப் பார்த்தார். பிறகு பெல்ட்டைப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தார். "அடுத்த மேட்ச் எப்போ?"

"நெக்ஸ்ட் சாட்டர்டே." பெல்ட்டை வாங்கிக்கொண்ட விஷாகா தயங்கிவிட்டு, அவருக்கு நன்றாகப் புரிய வேண்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னாள். "ஆனா நீங்க வரணும்னு இல்லப்பா. நீங்க ரெண்டு பேரும் இல்லாதப்போதான் நான் நல்லா ஓடறேன்."

மன்ற மேடையில் தோற்றே அறியாதவர் பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"நாங்க வரோம்," என்றாள் ஷ்யாமளா. "வந்து வாயைத் திறக்காம உக்காந்திருக்கோம்."

விஷாகா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அம்மா சொன்னதில் முதல் பாதியை நம்பலாமா என்று யோசிப்பது தெரிந்தது. இரண்டாவது பாதியை அவள் கொஞ்சமும் நம்பவில்லை.