இருந்த ஒரே குப்பி

சவப்பெட்டியில் கிடந்த அப்பா கிளெமென்றின் இடது கைக்குச் சட்டைப் பொத்தான் பூட்டுப்படவில்லை. வீக்கம் இன்னும் வற்றவில்லை. சாமினி இரண்டு தரம் முயன்றுவிட்டு, அப்பாவின் வலது கையை எடுத்து அதன்மேல் வைத்து மறைத்தாள்.

"குளவி குத்தியா மனுசன் சாகும்?" பக்கத்து வீட்டு மெற்றில்டா அன்ரி கேட்டாள்.

"சிலபேருக்கு ஒத்துக்கொள்ளாதாம். ஆஸ்பத்திரியில சொன்னவை," என்றாள் அம்மா பேர்ணடெற்.

சாமினி மிருக வைத்தியர். நேற்றுக் காலை பின்முற்றத்துத் தண்ணீர்த் தாங்கியடியில் குளவிக்கூடு கலைந்தபோது வீட்டில்தான் இருந்தாள். குளவிகள் முதலில் நாயைச் சூழ்ந்தன; பிறகு அதை இழுக்கப் போன அப்பாவை. நாய் வாந்தியெடுத்துச் சரிந்தது. பல்முரசு வெளிறியிருந்தது. விஷம் ஏறியதும் உடம்பே ஹிஸ்டமின் என்ற இரசாயனத்தைக் கொட்டும். நாய்க்கு அது ஈரலைத் தாக்கி இரத்த அழுத்தத்தை விழுத்திவிடும். அவளுடைய வைத்தியப் பையில் அதை முறிக்கும் அட்ரினலின் மருந்து ஒரேயொரு குப்பிதான் கிடந்தது. போன கிழமையே இன்னும் சில வாங்கி வைத்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு எப்பிடி அப்பா?"

"எனக்கு ரெண்டு குத்துத்தான். முதல்ல இவனைப் பார் மகள்."

நாயின் தொடையில் ஊசியை ஏற்றினாள். பத்து நிமிடத்தில் அது தலையைத் தூக்கியது. சாமினி சிரித்தபடி திரும்பினாள். அப்பா கதிரையில் உட்கார்ந்து உள்ளங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"தப்பிட்டானா?" குரல் கரகரத்தது.

மனிதருக்கு அந்த ஹிஸ்டமின் தொண்டையையும் சுவாசப்பையையும் அடைக்கும். அதுவும் அவள் படித்ததுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் துறைமுகப் பக்கத்து வீதியை மறித்துக் கொள்கலன் லொறிகள் வரிசையாக நின்றன. ஓட்டோவுக்குள் அப்பா அவளுடைய கையை இறுகப் பிடித்திருந்தார். பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது அந்தப் பிடி இல்லை.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் இன்று மத்தியானம் கொஞ்சம் கலைந்தார்கள். பெட்டியருகே இருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"நாய்க்குப் போட்ட மருந்து மனுசருக்கும் போடுறதா?"

"ஓம். அதேதான்."

"ஒண்டுதானா இருந்தது?"

"ஓம் அம்மா."

முதலில் நாயைப் பார்க்கச் சொன்னது அப்பாதான் என்று அவள் சொல்லவில்லை.

அம்மா தன் பக்கத்துக் கதிரையில் யாரோ விட்டுப்போன குடையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

சாமினி உட்காரவில்லை. அந்தக் கதிரையின் சாய்வைப் பிடித்தபடி நின்றாள்.