பிபிட்

வர்சினிக்கு நாக்கு நீளம். நாற்றங்காலில் தன்னோடு வேலை செய்கிற துமிரின் என்பவர், அவள் மகள் கினாசியைத் தன் மகனுக்குப் பெண் கேட்டதும், பிபிட் பார்க்காமல் பெண் கொடுக்க முடியாது என்று காப்பிக்கடையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள். ஜாவாக்காரர்களுக்கு நாற்றும் பிபிட்தான், குலவழியும் பிபிட்தான். துமிரினின் அப்பா சேவல் சண்டையில் மாட்டுவண்டியையே தோற்றவர். அதைத்தான் குத்திக்காட்டினாள். அந்தப் பையன் மேல் உயிரையே வைத்திருந்த கினாசி, அன்றோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்தினாள்.

அந்தச் சமயம் பார்த்து ஆராய்ச்சிக்காரி பாலுபி வந்து சேர்ந்தாள். ஊரார் பலகைக்காக வளர்க்கும் செங்கோன் மரங்களை முடிச்சு நோய் தின்றுகொண்டிருந்தது. தப்பி நின்ற மரங்களில் விதை எடுத்து, மரத்துக்கு ஒரு வரிசையாக நாற்று விட்டு, எல்லாவற்றின் மேலும் வேண்டுமென்றே நோய்த்தூளைத் தூவினாள். எந்தத் தாயின் பிள்ளைகள் தாங்குகின்றனவோ அந்த விதைதான் இனி ஊர் ஊராகப் போகும். வரிசைக்கு மரத்துக்காரர் பெயர். வர்சினி வரிசையும் துமிரின் வரிசையும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன. காப்பிக்கடையில் கேட்கவா வேண்டும்? யாருடைய பிபிட் நல்லது என்று பிபிட்டே சொல்லட்டும் என்றார்கள். சொல்லட்டுமே என்றாள் வர்சினி.

சொல்லிவிட்டது. மலையிலிருந்து பனி இறங்கிய வாரங்களில் அவள் வரிசையில் தண்டுக்குத் தண்டு பழுப்பு முடிச்சு புடைத்தது. துமிரின் வரிசை ஒன்றிரண்டைத் தவிர பச்சைப்பசேலென்று நின்றது. இனி எந்த முகத்தோடு சம்மதம் சொல்வது? அவரே வேண்டாமென்றுவிட்டால் கினாசியின் கதி? வர்சினிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, தன் வரிசையில் முடிச்சு விழுந்த நாற்றுப் பைகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். நிமிர்ந்தால், தண்ணீர்க் குழாயோடு துமிரின்.

அவர் கூடையைப் பார்த்தார்.

"என் வரிசையிலயும் நாலு எடுத்துருங்க. ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சா அந்த ஆராய்ச்சிப் பொண்ணு கண்டுபிடிச்சிரும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒவ்வொரு பையையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். பாலுபி வந்ததும் நடந்ததைச் சொல்லிவிட்டு, துமிரினிடம் போனாள்.

"பிபிட் எங்க பக்கந்தான் சரியில்லண்ணே. இன்னும் பொண்ணு வேணுமா?"

துமிரின் அவள் வரிசையின் நடுவே கை காட்டினார். சீக்குப்பிடித்த கூட்டத்தில் மூன்று நாற்றுகள் மட்டும் ஒரு முடிச்சுமில்லாமல், அவருடையவற்றைவிட ஒரு சாண் உயரமாக நின்றன.

"அதே தூளுதான் அதுங்க மேலயும் விழுந்துச்சு. பாலுபி அந்த மூணத்தான் என் மரத்தோட சேத்து விதை எடுக்கணும்ங்குது. என் பையனும் உங்க வரிசை முழுசையுமா கேட்டான்? நல்லா நிக்கிற ஒண்ணத்தானே கேட்டான்."

வர்சினிக்குக் கண்ணும் கலங்கியது, சிரிப்பும் வந்தது. நேரே காப்பிக்கடைக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி, சம்பந்திக்கு ஒரு காப்பி போடச் சொன்னாள்.