தலைவி சுனில்தாவின் கடைசி ஓட்டு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் வல்பராய்சோத் துறைமுகத்து மீனெல்லாம் கரையேறி வந்து எதிர்சாட்சி சொல்லட்டும். சொன்னவன் நாக்கு நெத்திலிக் கருவாடாகக் காய்ந்துபோகட்டும். மீனவர்களைக் காக்கும் சான் பெத்ரோ மேல் சத்தியமாக, எல்லாம் நடந்தது நடந்தபடி.

நொல்பெர்த்தோ ஓயார்சூன் தன் மனைவி இறந்துவிட்டாள் என்ற செய்தியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டிப் பையோடு குன்றேறித் திரும்பியபோது, கட்டடத்து வாசல் கூடத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பில்தான் படித்துத் தெரிந்துகொண்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அவளை அடக்கம் செய்து மண் அள்ளிப் போட்டவரும் அவர்தான். ஆனால் அது வேறு விஷயம். இடுகாட்டுக்குத் தெரியும், தேவாலயத்துக்குத் தெரியும், அவளுடைய பென்ஷனை மறுமாதமே நிறுத்திய அரசாங்கத்துக்கு எல்லோரையும்விட முன்னாலேயே தெரியும். இந்தக் கட்டடத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. இப்போது தட்டச்சு எழுத்தில், நாலு மூலையிலும் பசை தடவிச் சொல்லியிருந்தார்கள்: "ஏழாம் எண் வீடு. உரிமையாளர் காலமானவர். வாரிசு பதிவு செய்யும்வரை ஓட்டு இல்லை."

அவர் ரொட்டிப் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். துக்கச் செய்தி படித்தால் கழற்றுவதுதானே வழக்கம்.

கட்டடத்துக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் குமெர்சிந்தோ. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒரு சாவிக்கொத்தையும் இடி முழக்கம் மாதிரி ஒரு குரலையும் வைத்துக்கொண்டு கட்டடத்தை நிர்வாகம் செய்துவந்தவர். அவர் இரண்டாம் மாடியில் நின்று தும்மினால் கீழே துறைமுகத்தில் கப்பல்கள் பதிலுக்குச் சங்கு ஊதும். சுனில்தாவை அடக்கம் செய்த பத்தாம் நாள் நடந்த உரிமையாளர் கூட்டத்தில், வழக்கம்போல வீட்டு வரிசைப்படி பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர், வாய்ப் பழக்கத்தில் "சுனில்தா பர்ரியா!" என்று கூப்பிட்டுவிட்டார். வீடு அவள் பேரில்தான் இருந்தது. அவள் அப்பா கொடுத்தது. குமெர்சிந்தோவின் காது சிவந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து நொல்பெர்த்தோ, கையைக்கூடத் தூக்காமல், சொன்னார்: "வந்திருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. குமெர்சிந்தோ அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நொல்பெர்த்தோவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கும். ஓட்டெடுப்பு வந்தால் அவர் அந்தப் பக்கம் தலையைச் சாய்ப்பார், கொஞ்ச நேரம் கேட்பார், பிறகு அறிவிப்பார். "மாடிப்படிக்குப் பச்சைச் சாயம் வேண்டாங்கறா. ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமாம்." மூன்றாவது வருஷம் கமிட்டித் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் சண்டை போட்டு, ஒருவர் இன்னொருவர் கதவில் மீன் குடலைத் தொங்கவிட்டதும், சமாதானமாகச் சுனில்தாவையே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவளைப் போல ஒரு தலைவி அந்தக் குன்றிலேயே வாய்த்ததில்லை. கத்த மாட்டாள், லீவு எடுக்க மாட்டாள், யாரையும் குறுக்கே பேசி மடக்க மாட்டாள். அவள் தலைமையில் கூட்டங்கள் பாதி நேரத்தில் முடிந்தன. பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் பொறாமையில் வெந்து, தங்களுக்கும் ஒரு நல்ல இறந்தவர் கிடைப்பாரா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

நொல்பெர்த்தோவுக்கு இதெல்லாம் விளையாட்டாகவே பட்டதில்லை. வீட்டுக்குள் அவள் குரல் வருஷத்துக்கு வருஷம் மங்கிக்கொண்டு வந்தது. காப்பி கொதிக்கும்போது அவள் முணுமுணுக்கும் பாட்டின் மெட்டுகூட மறந்துவிட்டது. ஆனால் கூட்டத்தில், ஒரு கேள்விக்கு அவள் என்ன சொல்வாள் என்று தலை சாய்த்து யோசிக்கும் அந்தச் சில நொடிகளில், அவள் தெளிவாக வருவாள். கோபமாகக்கூட வருவாள். அதற்காகவே அவர் தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிய கூட்டத்துக்குக்கூடச் சவரம் செய்துகொண்டு போனார்.

மொட்டைமாடி அவளுடையது. பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. முப்பது வருஷம் துணி உலர்த்தியதால் வந்த பாத்தியதை. அங்கே அடிக்கும் காற்றைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. காலையில் உலர்த்திய கால்சட்டை மத்தியானம் துறைமுகத்தில் ஒரு போலீஸ்காரர் இடுப்பில் கிடந்தது. அளவாக இருக்கிறது என்று அவர் திருப்பித் தர மறுத்துவிட்டார். அந்தக் காற்றுக்கு அடங்காத ஒரே ஆள் சுனில்தாதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நொல்பெர்த்தோ அவளுடைய நீலச் சமையல் மேலங்கியைத் துவைத்து அவள் கட்டிய கம்பியில் தொங்கவிடுவார். அழுக்கே படாத துணி. ஆனாலும் துவைப்பார்.

அந்த மொட்டைமாடிக்குத்தான் இப்போது ஆபத்து. ஒரு செல்போன் கம்பெனி அங்கே கோபுரம் வைக்கக் கேட்டது. பதிலுக்குக் கூரை முழுவதையும் புதிதாகப் போட்டுத் தருவார்கள். மாடிக் கதவுக்கு அவர்கள் பூட்டு; அதன் பிறகு யாரும் துணி உலர்த்தப் போக முடியாது. ஏழு வீட்டில் மூன்று வேண்டும் என்றன, மூன்று வேண்டாம் என்றன. மிச்சம் சுனில்தா.

இந்த நேரம் பார்த்துத்தான் பல பேர் வீடு வைத்திருக்கும் கட்டடங்களுக்கான புதிய கூட்டுடைமைச் சட்டம் வந்து சேர்ந்தது. இனி நிர்வாகி என்றால் படித்துப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். உரிமையாளர் பட்டியல் சரியாக இருக்க வேண்டும். குமெர்சிந்தோவிடம் சாவியும் குரலும் இருந்தன, இரண்டுக்கும் சான்றிதழ் இல்லை. அவர் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுத் தன் வீட்டுச் சாவி எது என்று தெரியாமல் அன்று மாலைவரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பதிவு பெற்ற நிர்வாகியாக யஸ்னா என்ற பெண் வந்தாள். முப்பது வயதுக்கு மேல் இராது. மூன்று குன்றுகளில் பன்னிரண்டு கட்டடங்களைப் பார்த்துக்கொள்பவள், எப்போதும் மூச்சு வாங்குபவள். அறிவிப்பை ஒட்டியவள் அவள்தான்.

அன்று சாயங்காலம் தேநீர் நேரத்துக்கு அவளே ஏழாம் வீட்டுக் கதவைத் தட்டினாள். குமெர்சிந்தோ முன்னமே அங்கே உட்கார்ந்து ரொட்டியில் அவகாடோ தடவிக்கொண்டிருந்தார்.

"தோன் நொல்பெர்த்தோ, மன்னிச்சிடுங்க. முதல்ல உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லியிருக்கணும். செவுத்துல ஒட்டினப்புறம்தான் தோணுச்சு" என்றாள்.

"உக்காரும்மா. டீ குடி."

"தலைவியே செத்துட்டான்னு ஒட்டிட்டியே கண்ணு" என்றார் குமெர்சிந்தோ. "அப்போ அவ தலைமையில அடிச்ச சாயமெல்லாம் செல்லாதா? சுரண்டி எடுத்துடட்டுமா?"

"எனக்குச் சிரிப்பு வரலை, தோன் குமெர்சிந்தோ. கோபுரம் வைக்கிற ஓட்டுல இறந்தவங்க பேர் இருந்துச்சுன்னா யாராவது ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனாப் போதும், என் பதிவு போயிடும். நான் இப்பத்தான் வாங்கியிருக்கேன்." அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பதிவு ஆபீஸ்ல போய் நீங்கதான் வாரிசுன்னு எழுதிக் குடுத்தாப் போதும். வீடு உங்க பேருக்கு வந்துடும். அப்புறம் நீங்களே ஓட்டுப் போடலாம். சுலபம்தான்."

"அவ செத்துட்டான்னு நான் கையெழுத்துப் போடணும்."

குமெர்சிந்தோ மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

"போடலைன்னா?"

"ஏழாம் வீடு இல்லாமலே ஓட்டெடுப்பு நடக்கும். மூணுக்கு மூணு. அடுத்த கூட்டத்துல யாராவது ஒருத்தர் மனசு மாறினாக் கோபுரம் வந்துடும்."

கையெழுத்துப் போட்டால் மொட்டைமாடி பிழைக்கும், சுனில்தா போய்விடுவாள். போடாவிட்டால் சுனில்தா இருப்பாள், அவள் கம்பி போய்விடும். அன்று இரவுச் சாப்பாட்டில் உப்புப் போட மறந்தார். சாப்பிட்டு முடித்த பிறகும் அது அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அவர் படியிறங்கும்போது ஆறாம் வீட்டு ஓல்கா ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கி வந்தாள். மேல்மாடிக்காரி, சுனில்தாவின் சிநேகிதி. கூரை ஒழுகுவது அவள் கட்டிலுக்கு நேர் மேலே. போன குளிர்காலத்தில் அவள் படுக்கையில் ஒரு கெண்டை மீன் குஞ்சு நீந்தியதைக் குமெர்சிந்தோ கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் அவள் இருமல் சிரிப்பதற்கில்லை. அது சுவர் தாண்டி நொல்பெர்த்தோவுக்கும் கேட்கும்.

"குடுங்க, நான் தூக்கறேன்" என்றார்.

"வேண்டாம். எனக்குப் பழகிடுச்சு." வாளியைப் படியில் வைத்தாள். "கையெழுத்துப் போடப் போறீங்களாமே."

"யார் சொன்னா?"

"குமெர்சிந்தோ ரகசியம்னு சொன்னான். அவன் ரகசியம் சொன்னா குன்று பூராக் கேக்கும்." அவள் இருமி முடித்தாள். "போடுங்க. போட்டுட்டு எனக்கு எதிரா ஓட்டுப் போடுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். உங்க பொண்டாட்டி மழையில நனையறதில்ல. நான் நனையறேன்."

"அது அவ இடம், ஓல்கா."

"தெரியும். அந்தக் கம்பியை இழுத்துக் கட்டினப்போ இன்னொரு முனையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். அவ உயிரோட இருந்தா யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பா? ஒன்பது வருஷமா அவளைக் கேட்டுக் கேட்டுச் சொன்னீங்களே. இதையும் கேளுங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். நொல்பெர்த்தோ படியிலேயே நின்றார். தலையைச் சாய்க்கவில்லை. சாய்த்தால் என்ன கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.

பதிவு ஆபீசில் கூட்டமில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பேனாவை நீட்டினார். நொல்பெர்த்தோ தன் பேரை எழுதினார். சுனில்தாவின் பேருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது, அந்தச் சொல்லை எழுதும் வேலையாவது மிச்சம். "வாழ்த்துகள், இனிமே வீடு உங்களுது" என்றார் அவர், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி. நொல்பெர்த்தோ நன்றி சொன்னார். வெளியே வந்து, குன்றேறும் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, பக்கத்து இருக்கையில் பையை வைக்கப் போய், வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

கூட்டத்தன்றும் மழை. ஓல்கா பூசணிக்காய் பிசைந்து, மழை நாளில் தின்னும் சோபாய்பியா அப்பம் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். சண்டை வேறு, மழைக்குச் சோபாய்பியா வேறு. வாசல் கூடம் எண்ணெய் மணத்தது. நொல்பெர்த்தோ சவரம் செய்துகொண்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. யஸ்னா மட்டும், தெரியாமல், தன் ஈரக் குடையை அதன் மேல் வைத்தாள். கூடத்தில் எல்லோரும் அந்தக் குடையைப் பார்த்தார்கள். அவள் சட்டென்று எடுத்துவிட்டாள்.

"ஏழாம் வீடு" என்று படித்தாள். "உரிமையாளர், நொல்பெர்த்தோ ஓயார்சூன்."

ஒன்பது வருஷம் பழகிய வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

"யோவ், உன்னைத்தான்" என்றார் குமெர்சிந்தோ, அவருக்கே பழக்கமில்லாத மெல்லிய குரலில்.

"இருக்கேன்" என்றார் நொல்பெர்த்தோ.

ஓட்டெடுப்பு வந்தது. மூன்று கை உயர்ந்தது, மூன்று கை உயரவில்லை. ஓல்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் தெரியும், இந்த மனிதர் கம்பிக்காகத்தான் போய்க் கையெழுத்துப் போட்டார் என்று. நொல்பெர்த்தோ காலி நாற்காலியின் பக்கம் தலையைச் சாய்த்தார். யாரும் தடுக்கவில்லை.

"கோபுரம் வரட்டுங்கறா" என்றார்.

யஸ்னாவின் பேனா அந்தரத்தில் நின்றது. "தோன் நொல்பெர்த்தோ... அவங்க ஓட்டுன்னா நான் எழுத முடியாது. உங்க ஓட்டு என்னன்னு சொல்லுங்க."

"என் ஓட்டு வேற" என்றார் அவர். "அது இருக்கட்டும். இதை என் பேர்ல எழுதிக்க. ஆனா ஓட்டு அவளோடது."

ஓல்கா எழுந்து வந்து அவர் கையில் ஒரு சோபாய்பியாவை வைத்தாள். அவர் அதைத் தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை; கையில் பிடித்தபடியே படியேறிப் போனார்.

மொட்டைமாடியில் காற்று இல்லை. அந்தக் காற்றே அன்றைக்கு எங்கோ போய்விட்டிருந்தது. நீல மேலங்கி நேராகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கவ்விகளைக் கழற்றி அதை இறக்கினார். நனைந்த துணிக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. முறுக்கிப் பிழிந்தார். தண்ணீர் வந்தது. மறுபடி பிழிந்தார். எத்தனை தரம் பிழிந்தாலும், மழை நிற்காததால், அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

மீன்கள் கரையேறி வந்து சொன்ன எதிர்சாட்சி இவ்வளவுதான்: அந்தக் கட்டடத்தில், கட்டிய நாளிலிருந்து இன்றுவரை, போதுமான ஆட்கள் வராததால் ஒரு கூட்டமும் நடந்ததில்லை.