ம. ஆரோக்கிய ஜெனிபர், செவிலியர்

வில்லியனூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆரோக்கிய ஜெனிபர் செவிலியர். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் கர்ப்பிணிகள் அவளிடம் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதில்களையே கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து ஒரு செயலியில் போட ஆரம்பித்தாள். பாகூர் வரைக்கும் பெண்கள் அவற்றைப் பார்த்தார்கள். பக்கத்தின் பெயர் 'ம. ஆரோக்கிய ஜெனிபர், செவிலியர்'. 'ம' அவள் அப்பா மரியசுந்தரம். படிப்புச் சான்றிதழிலும் பணி ஆணையிலும் அந்தப் பெயர்தான்.

கல்யாணத்துக்குப் பின் ரேஷன் கார்டில் சேர்க்கப் போனபோது, கணவன் யூஜின் அவள் ஆதாரில் 'ஜெனிபர் யூஜின்' என்று மாற்ற வைத்தான். "புருஷன் பேரு இருந்தாதான் நாளைக்குக் கொழந்தைய ஸ்கூல்ல சேக்கசொல்லோ தொல்லை இருக்காது" என்றான். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன கோடையில் ஒரு காலை பக்கம் திறக்கவில்லை. போலிக் கணக்கு என்று புகார் வந்திருப்பதாகவும், அடையாளத்தை உறுதி செய்யும்படியும் செய்தி இருந்தது. அங்கே ஏற்பது ஆதாரை மட்டும்தான்; அதை அனுப்பினாள். முகத்தை இடமும் வலமும் திருப்பி வீடியோ எடுத்து அனுப்பினாள். பெயர் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. பேசிப் புரியவைக்க அங்கே மனிதர் எவரும் இல்லை.

பொது சேவை மையத்துப் பெண் ஆதாரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "பேர ரெண்டு வாட்டிதான் மாத்தலாங்க்கா. எழுத்துப்பிழைக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணு, முடிஞ்சிபோச்சி. இனிமே கெசட்ல போட்டுதான் வரணும்."

பழைய பெயரை அரசிதழில் வெளியிட மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தபோதுதான், அதே பெயரில் வேறொரு பக்கம் முளைத்தது. அவள் படம், அவளுடைய பழைய வீடியோக்கள், பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டதற்கான அடையாளம். கூடவே சுகப்பிரசவப் பொடி விற்பனை. அது நானில்லை என்று ஜெனிபர் புகார் செய்தாள். அந்தக் கணக்கின் அடையாளம் உறுதியானது என்று பதில் வந்தது.

ஒரு நாள் குருவிநத்தத்திலிருந்து விஜயராஜ் என்பவன் மனைவி ஜெயசித்ராவை அழைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

"நீ தான ஜெனிபர் சிஸ்டரு? பிரஷர் மாத்திரைய நிறுத்து, பொடி சாப்புடுன்னு நீ தான சொன்ன? எட்டு மாசத்துல புள்ள வயித்துலியே பூட்ச்சி. இன்னா பதில் சொல்லப்போற?"

"அது நான் இல்லீங்க. என் பேர்ல வேற யாரோ..." என்று ஆரம்பித்தாள் ஜெனிபர்.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெயசித்ரா தலையை நிமிர்த்தினாள். "இந்தக் கொரலு இல்ல" என்றாள் மெதுவாக. "பொடி கேட்டப்ப எனக்கு வாய்ஸ் மெசேஜ்ல பேசினது வேற கொரலு. வீடியோல வர்ற மாதிரி இல்லியேன்னு அப்பவே தோணுச்சி. சிஸ்டருக்குச் சளி புடிச்சிருக்கும்னு நெனச்சிக்கினேன்."

விஜயராஜ் நம்பவில்லை. ஜெனிபர் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அன்று மாலையே ஜெனிபருக்கு உத்தரவு வந்தது.

திருவாண்டார்கோயில் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்த யூஜினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "வுடு. வேலையும் வாணாம் ஒண்ணும் வாணாம். வூட்ட பாரு" என்றான்.

"ஒரு கொழந்த செத்துப்போச்சிங்க. முதல்ல எம் பக்கம் போலின்னு எவன் புகார் குடுத்தான்னு தெரிஞ்சா போதும்."

"நான்தான்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"நான்தான்டி குடுத்தேன். கம்பெனில எல்லாரும் என்ன 'ஜெனிபர் புருஷன்'னு கூப்புட்றான். பக்கத்துல உங்கப்பன் பேரு நிக்குது, எம்பேரு எங்க நிக்குது? ரெண்டு நாள் மூடிப் போட்டா புத்தி வரும்னு நெனச்சேன். எவளோ பூந்து இப்பிடிப் பண்ணுவாள்னு எனக்கு இன்னா தெரியும்?"

ஜெனிபர் அழவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி வைத்தாள். "இத போலீஸ்ல சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் அவன் அவளோடு போனான். காவல் நிலையத்தில் தலையைத் தொங்கப்போட்டபடி நடந்ததைச் சொன்னான். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் பேனாவை மூடினார். "பொண்டாட்டிய காப்பாத்த புருஷன் ஆயிரம் சொல்வாரு. அந்தப் பக்கத்துல இருக்கறது அப்பா பேரு. இந்தம்மா ஆதார்ல வேற பேரு. மூடிப்போனதுதான் இவங்களுது, பொடி விக்கறது இவங்களுது இல்லன்னு நான் எத வச்சி நம்பறது?" என்றார்.

ஜெயசித்ரா சொன்னதையும் எழுதி வாங்கினார்கள். விசாரணை நடக்கிறது. போலிப் பக்கம் ஒரு வாரம் காணாமல் போய், பொடி விற்க மறுபடி வந்துவிட்டது. ஜெனிபர் துணிமணிகளை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். யூஜின் இரண்டு முறை வந்து வாசலில் நின்றான். அவள் வெளியே வரவில்லை.

தை பிறந்ததும் அவள் பஸ் ஏறிக் குருவிநத்தம் போனாள். விஜயராஜ் கரும்பு வெட்டப் போயிருந்தான். ஜெயசித்ரா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சுகாதார நிலையத்தில் செய்வதுபோலவே ஜெனிபர் அவள் காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தாள். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். சாப்பிடுகிறேன் என்று தலையாட்டினாள் ஜெயசித்ரா.

பிறகு ஜெனிபரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், மாத்திரைய நிறுத்தாம இருந்திருந்தா பொழச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று ஜெனிபருக்குத் தோன்றியது. ஆனால் இதுவரை எந்தப் பெண்ணிடமும் அவள் பொய் சொன்னதில்லை.

"ஆமாம்மா, பொழச்சிருக்கும்" என்றாள்.

ஜெயசித்ரா பிடித்திருந்த அவள் கையை விட்டுவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.