காசியம்மாள் பக்கத்தில் வைத்த தண்ணீர்

காசியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயதான வருஷம், ஐப்பசி மாதத்தில், அவள் பக்கத்தில் வைத்த தண்ணீர் அடுப்பில்லாமல் கொதிக்கத் தொடங்கியது. முதலில் குடிக்க எடுத்து வைத்த சொம்பில் ஆவி வந்தது. பிறகு ஊறப்போட்ட அரிசி சோறாகிவிட்டது. செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவளும் கணவன் இளவரசனும் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை கேஸ் தீர்ந்து போய் அவன் சிலிண்டருக்கு அலைந்துகொண்டிருக்க, இவள் குண்டானில் தண்ணீர் ஊற்றி, மாவுத் தட்டுகளை இறக்கி, பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவன் வெறுங்கையோடு திரும்பியபோது முதல் ஈடு வெந்திருந்தது. ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தான். "நல்லாதான் வந்துருக்குது" என்றான். அதற்கப்புறம் அவன் சிலிண்டர் தேடிப் போகவில்லை.

மலையையே நெருப்பென்று சொல்லிப் பழகிய ஊர் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைக்கு எதிரே இளநீர் விற்ற சின்னசாமி மட்டும், அவள் கடந்து போனால் காய்க்குள் தண்ணீர் சூடாகிவிடுகிறது என்று, தெருவின் மறு ஓரமாக நடந்து போகச் சொன்னான். அவளும் அப்படியே போனாள். கார்த்திகை அடைமழையில் அவள் மேல் விழுந்த மழை விழுந்த இடத்திலேயே ஆவியாகிப் போனதால் புடவை நனையவில்லை. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர்கள் வந்து அவள் எதிரே கண்ணை மூடி உட்கார்ந்து, எழுந்து, இட்லி தின்றுவிட்டுப் போனார்கள். கீழ்பென்னாத்தூரில் ஐந்தாவது பெண்ணாகப் பிறந்து, கல்யாணமாகும் வரை கடலைக்காய் பறித்தவள் அவள். அவளைப் பார்ப்பதற்கென்று அதுவரை ஒருவரும் வந்ததில்லை. கூட்டம் வந்த நாட்களில் அவள் தலைக்குப் பூ வாங்கி வைத்துக்கொண்டாள்.

மார்கழியில் வீடு வீடாகப் பிரஷர் பார்த்துக்கொண்டு வந்த நர்ஸ் வினோதினி, அவள் கையில் பட்டையைச் சுற்றினாள். மிஷினைப் பார்த்தாள். சுற்றியதை அவிழ்த்து இன்னொரு கையில் சுற்றி மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, தண்ணி கொதிக்கறது எப்பத்திலேர்ந்து?"

"தீவாளிக்கு முன்னாடிலேர்ந்து."

"பிரஷர் ரொம்ப ஜாஸ்தியா இருக்குதுக்கா. அதான் கொதிக்குது."

"எனக்கு ஒண்ணும் இல்லியேம்மா. தலவலி கூட கெடையாது."

"அது அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் தெரியாது. டாக்டரப் பாத்துட்டு மாத்திரைய ஆரம்பிங்க. நல்லாருக்குதுன்னு நிறுத்திடாதீங்க."

டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையை நாலு நாள் போட்டாள். ஐந்தாம் நாள் குண்டானில் தண்ணீர் தளதளக்கவில்லை, இட்லி நடுவில் மாவாக நின்றது. கண்ணை மூடி உட்கார வந்தவர்கள் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இளவரசன் அன்று மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மாத்திரை அட்டையை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். தண்ணீர் பழையபடி கொதித்தது.

மாசி மாதம் ஒரு காலை, சட்னி அள்ளிக்கொண்டிருந்தபோது இன்னொரு கையில் பிடித்திருந்த கிண்ணம் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவளுக்கு இடது கை வரவில்லை. "ஏங்க" என்று கூப்பிட்டாள், வாயிலிருந்து வேறு ஏதோ சத்தம் வந்தது. குண்டான் அப்போது மூடியைத் தூக்கி அடித்துக்கொண்டு கொதித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பு, சீக்கிரம் வந்ததால் பிழைத்தாள் என்றார் டாக்டர். கட்டிலருகே தொங்கவிட்ட குளுக்கோஸ் பாட்டிலில் குமிழ் வந்ததால், நீளமான குழாய் போட்டு பாட்டிலை ஜன்னலோரம் மாட்டினார்கள். மூன்றாம் நாள் குமிழ் அடங்கியது. பேச்சு திரும்ப வந்தது, நடை வந்தது. இடது கை விரல்கள் மட்டும் டம்ளர் பிடிக்குமளவுக்கு மடங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஊறுகாய் ஜாடியையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். உப்புக் கம்மியான குழம்பு முதல் வாரம் தொண்டையில் இறங்கவில்லை, இரண்டாம் மாதம் இறங்கியது. காலையில் பல் விளக்கியதும் மாத்திரை, சாயங்காலம் மலையைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் நடை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. கடை விறகடுப்பில் நடந்தது. கண்ணை மூடி உட்காருபவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அது அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பூ வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

சித்திரைப் பௌர்ணமிக்கு முந்தின நாள், இளவரசன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"நாளைக்கி கிரிவலக் கூட்டம் தாங்காது. வெறகு எரிச்சி மாளாது. ஒரே ஒரு நாள் மாத்திரைய நிறுத்திப் பாக்கலாமா?"

அவள் முக்காலிக்கு எதிரே இருந்த வெற்றுத் தரையைப் பார்த்தாள். மறுபடியும் ஆட்கள் எதிரே வந்து உட்காருவதை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னாள்: "கேஸ் வாங்கிட்டு வாங்க."

அவன் போய் வாங்கி வந்தான்.

அதன் பிறகான வருஷங்களில் அவள் தண்ணீரைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். படுக்கை பக்கத்தில் ஒரு டம்ளர் வைத்துக்கொள்வாள். கல்யாண வீட்டு அப்பளம் தின்ற மறுநாளும், இளவரசனோடு சண்டை போட்டுத் தூங்காத மறுநாளும் அது வெதுவெதுப்பாக இருக்கும். அன்றைக்கு வினோதினியிடம் போய்க் கையை நீட்டுவாள். மற்ற நாட்களில் குளிர்ந்திருக்கும். அதைக் குடித்துவிட்டு மாவாட்டப் போவாள். மாத்திரை இரண்டு தடவை மாற்றப்பட்டது. மகள் சினேகாவுக்குக் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் காசியம்மாள் பந்திக்குத் தண்ணீர் வைத்திருந்த இடத்திலேயே நின்றாள், யாருக்கும் நாக்கு சுடவில்லை.

போன வருஷம் தை மாதம், அக்காள் வீட்டு விசேஷத்துக்காகக் கீழ்பென்னாத்தூர் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு பஸ்ஸில் திரும்பினாள். கடையில் அடுப்பு அணைந்திருந்தது. இளவரசன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் குண்டான் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் மகள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"பாத்தியா, எனக்கும் வந்துடுச்சி" என்றான்.

அவள் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். இட்லி நன்றாகவே வெந்திருந்தது. இறக்கி வைத்துவிட்டு, "சட்டைய மாட்டுங்க" என்றாள்.

"ஒரு நாலு நாள் பாத்துட்டுப் போலாமே. எனக்கு ஒண்ணும் இல்ல."

"நானும் அப்படித்தான் பாத்தேன்" என்று சொல்லி, இடது கையை அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் அந்த விரல்களைப் பார்த்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். எதிரே இளநீர்க்கடை வந்தபோது, சின்னசாமி சொல்லாமலே மறு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். சுகாதார நிலையத்து வரிசையில் முறை வந்ததும் வினோதினி அவன் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். மேஜை மேல் அவள் குடிக்க வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் குமிழ் விட்டது. அவள் அதை எட்டி ஜன்னலோரம் தள்ளி வைத்துவிட்டு, "கைய ஆட்டாதீங்கண்ணே" என்றாள்.